கன்னத்தில் நிற்கும் சக்கரம்

9 மார்ச் 2023, வியாழன்

மூன்று நாணயங்களுக்காகக் கடை முதலாளி ஹைதர் அண்ணனோடு இன்று அரை மணி நேரம் வாக்குவாதம். மூன்றும் எல்லையில் நிற்பவை. அவர் புழங்காதவை என்கிறார். இல்லை, ஏயு 58 என்கிறேன் நான்.

வெளியாட்களுக்கு இந்த வித்தியாசமே புரியாது. அச்சகத்தை விட்டு வந்தபின் யார் கையிலும் புழங்காத நாணயத்தின் தர எண் அறுபதில் தொடங்கி மேலே போகும். ஒரே ஒரு நாள் யாரோ சட்டைப்பையில் போட்டு எடுத்திருந்தாலும் போதும், ஐம்பத்தெட்டு, அதாவது ஏயு, ஏறக்குறையப் புழங்காதது. ஐம்பத்தொன்பது என்று ஓர் எண்ணே கிடையாது. இதில் வேடிக்கை, ஐம்பத்தெட்டுதான் பெரும்பாலும் அழகாக இருக்கும். அறுபது மூட்டைக்குள் மற்றவற்றோடு இடிபட்டு முகமெல்லாம் கீறலாகக் கிடக்கும். ஆனாலும் அது புழங்கவில்லை என்பதால் மரியாதை அதற்குத்தான்.

என் வேலை, வெளிநாட்டுத் தரக்குழுவுக்கு அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் விளக்கின்கீழ் சாய்த்துப் பார்ப்பது. நல்ல வெள்ளியில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுழலும். தேய்ந்திருந்தால் சக்கரம் மேடான இடத்தில் நிற்கும். ராஜா தலையென்றால் கன்னத்தில். பாதி எள் அளவு மந்தமான சாம்பல். அந்தப் பாதி எள்ளைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

கடைசியில் அண்ணன் மூன்றையும் அனுப்பும் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். "உன்னோடது கண்ணு இல்ல லா, எக்ஸ்ரே. உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம், சட்டைல ஒரு கறைய மறைக்க முடியாது."

மாலை கிள்ளானிலிருந்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி நடக்கும்போது பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் வரிக்கற்கள்மேல் ஒரு தம்பதி எதிரே வந்தார்கள். முன்னால் அவர் கையில் வெள்ளைத்தடி, அவர் தோளில் அந்த அம்மாவின் கை. நான் விலகி நின்றேன். இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஞ்சள் கோடு அவர்களுடையது.

ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயர்களின் நடு எழுத்துகள் மங்கலாக இருந்தன. கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

21 மார்ச்

மூன்று முறை துடைத்தாயிற்று.

13 ஏப்ரல், வியாழன்

நோன்பு மாதம். அண்ணனுக்கு மதியத்துக்குமேல் டீ இல்லாத கோபம். கீழே அவர் அண்ணன்மாரின் துணிக்கடையில் பெருநாள் கூட்டம். மாடிப்படியில் ஓர் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பெயர் புஷ்பவல்லி, தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி. கைப்பையிலிருந்து கைக்குட்டை, கைக்குட்டைக்குள் ஒரு ஸ்லாப். தரக்குழு எண் போட்டு நாணயத்தை மூடி ஒட்டித் தரும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிக்கு எல்லோரும் சொல்லும் பெயர். உள்ளே 1920-ஆம் வருஷத்து ஸ்ட்ரெய்ட்ஸ் வெள்ளி டாலர். முத்திரைச்சீட்டில் ஏயு 58.

கணவர் திருச்செல்வம் ஃபேக்டரி சூப்பர்வைசராக இருந்தவர், போன நவம்பரில் இறந்துவிட்டார். பழைய எஸ்டேட் ஆபீஸ் ஒன்றின் இரும்புப் பெட்டியில், ஒட்டிய உறைக்குள் கிடந்ததை அவரே பிரித்து எடுத்தாராம். பிறந்ததிலிருந்து ஒரு கை படாத காசு என்று ஊரெல்லாம் சொன்னாராம். தரக்குழு ஐம்பத்தெட்டு என்றதும் மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். பதில் இல்லை. மருத்துவமனைப் படுக்கையிலும் அதே பேச்சு.

"விக்கிறதுக்கு இல்லம்மா. அவர் சொன்னது சரியா தப்பா, அது மட்டும் பாத்து சொல்லு. மத்த எல்லாத்துலயும் அவர் தப்புதான். காரு வாங்குனது தப்பு, வீடு வித்தது தப்பு. இது ஒண்ணாச்சும் சரியா இருக்கட்டும்."

விளக்கின்கீழ் சாய்த்தேன். ஸ்லாப் வழியாகப் பார்ப்பது கடினம், ஆனால் பழக்கம். சக்கரம் எழுந்தது. நெற்றி, புருவம், கன்னம், தாடி என்று எங்கும் நிற்காமல் சுற்றி வந்தது. இரண்டாம் முறை சாய்த்தேன், மூன்றாம் முறையும். கன்னத்தில் ஒன்றுமில்லை. இவ்வளவு முழுதான சக்கரத்தை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

"அங்கிள் சொன்னது சரிதான் ஆன்டி" என்றேன்.

அவர் அழவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தீங்களா" என்று யாரிடமோ சொன்னார். எங்களிடம் இல்லை.

அண்ணன் உடனே உற்சாகமாகிவிட்டார். ஸ்லாபை உடைத்து, வெற்று நாணயமாக மறுபடி அனுப்பலாம் என்றார். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான், சூதாட்டமும்தான். எண் ஏறலாம், இறங்கலாம். பழைய எண் போனது போனதுதான். புஷ்பவல்லி ஆன்டி என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு சொல்லுதுல்ல. செஞ்சிருங்க."

18 ஏப்ரல்

இன்று உடைத்தேன். கை நடுங்காதவள் என்று அந்த வேலை எப்போதும் எனக்கு. குறடால் மூலையை நெரித்து, விளிம்பு பிளந்ததும் நாணயத்தை ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். எடுத்து உறைக்கு மாற்றும்போது ஒரு நொடி நழுவியது. பிடித்துவிட்டேன். வெல்வெட்டின் மேல்தான், கீழே விழவில்லை. விளக்கில் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

"ஓகேவா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஓகே."

பார்சல் போய்விட்டது. மூன்று, நான்கு மாதம் ஆகும்.

30 ஏப்ரல், ஞாயிறு

படிக்க முடியவில்லை. அசதி என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இன்று உட்கார்ந்து சோதித்தேன். எந்தச் சொல்லை நேரே பார்க்கிறேனோ அந்தச் சொல் இல்லை. அதற்கு முந்தியதும் பிந்தியதும் இருக்கின்றன. 'மழைக்காலம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ம' இருக்கிறது, 'லம்' இருக்கிறது. நடுவில் வெள்ளைக்காகிதம் சாதுவாக இருக்கிறது, எப்போதும் அங்கே எதுவும் இருந்ததில்லை என்பதுபோல.

ஜன்னல் கம்பிகள் நடுவில் வளைகின்றன. இடக்கண்ணை மூடினால் ஒரு மாதிரி, வலக்கண்ணை மூடினால் வேறு மாதிரி.

அலமாரியில் முந்நூறு புத்தகங்களாவது இருக்கும். ஓய்வு பெற்றதும் படிக்கலாம் என்று தள்ளி வைத்தவையும் இருக்கின்றன. இருபத்தெட்டு வயதில் ஓய்வைப்பற்றி யோசித்து வைத்தவள் நான்.

16 மே, செவ்வாய்

கண் டாக்டர். சொட்டு மருந்து, புகைப்படம், மறுபடி புகைப்படம். சீனப் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மெதுவாகப் பேசினார். அந்த நிதானத்திலேயே தெரிந்துவிட்டது.

ஸ்டார்கார்ட் என்று பெயராம். விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டே போகும். ஓரங்கள் மிஞ்சும். கண்ணாடியால் சரியாகாது, அறுவை இல்லை, மருந்து இல்லை. முழு இருட்டு வராது என்பதை மூன்று முறை சொன்னார். அது ஆறுதலாம்.

திரையில் என் விழித்திரையைக் காட்டினார். நடுவில் உலோகத் தகடுபோல ஒரு வட்டம். பழைய பாடப்புத்தகங்களில் இதை 'அடித்த வெண்கலம்போல' என்றுதான் வர்ணிப்பார்கள் என்றார். நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இந்த ஓட்டை கறுப்பாகத் தெரியாது என்றும் சொன்னார். சுற்றியிருப்பதை இழுத்து மூளை நடுவை மூடிவிடும். சுவரைப் பார்த்தால் முழுச் சுவராகவே தெரியும். அதனால் பலர் வெகுநாள் கவனிப்பதில்லை.

சீட்டில் பார்வையின் அளவை எழுதிக் கொடுத்தார்: 6/36. அடுத்தது 6/60. அதற்குக் கீழே இன்னோர் எல்லை. அதைத் தாண்டினால் அரசாங்க மாற்றுத்திறனாளி அட்டையில் வேறு பிரிவு. நான் மற்றவற்றுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவள்.

அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருந்தேன்.

17 மே

சுவரைப் பார்த்தால் முழுச் சுவர். அப்படியானால் சக்கரத்தைப் பார்த்தால்?

18 மே

புஷ்பவல்லி ஆன்டியின் காசில் சக்கரம் ஏன் அவ்வளவு முழுதாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. கன்னத்தை நேரே பார்த்தேன். கன்னம் ஓட்டைக்குள் விழுந்தது. மிச்சத்தை மூளை வரைந்து கொடுத்தது. நான் சொன்னது காசைப்பற்றி இல்லை.

இல்லாமலும் இருக்கலாம். உண்மையிலேயே முழுதாக இருந்திருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடம் கேட்பது? அது கடல் தாண்டி ஏதோ ஒரு தட்டில் இருக்கிறது.

25 மே, வியாழன்

கடையில் பழைய ஐம்பது காசு ஒன்று இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருப்பது. கன்னத்தில் தேய்மானம் எங்கே என்று கனவிலும் சொல்வேன். அண்ணன் தொழுகைக்குப் போனதும் விளக்கைப் போட்டேன்.

நேரே பார்த்தால் சக்கரம் முழுசு. பொய்.

பார்வையை ஒதுக்கி, ராஜாவின் காதுக்கு அப்பால் பார்த்தால் ஒளி சுழல்வது நன்றாகத் தெரிகிறது. முன்பைவிட நன்றாகவே. ஓரக்கண்ணுக்கு அசைவது பிடிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஒரு நிமிஷம் தோன்றியது, இதை வைத்துச் சமாளித்துவிடலாமோ என்று. இருபது முறை சாய்த்தேன். சுழல்வது தெரிகிறது. நிற்பது தெரியவில்லை. எனக்குச் சம்பளம் நிற்பதைப் பார்க்கத்தான்.

அண்ணன் திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வந்தார். கையில் எனக்கும் ஒரு கறிபஃப். "நேத்து ஈப்போ காசுக்கடைக்காரன் கேக்குறான், உங்க பொண்ண எனக்கு வேலைக்குத் தாங்க, எவ்ளோ வேணும்னு. நான் சொன்னேன், அவ போயிட்டா நான் கடைய மூடிட்டு கீழ போய் சேலை மடிக்கணும் லா."

கறிபஃபைத் தின்றேன்.

26 மே

சொல்லவில்லை.

11 ஜூன், ஞாயிறு

தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் என்னுடையது. பெயர்ப் பட்டியல் மார்ச்சிலேயே போட்டது, மறுத்தால் அம்மா காரணம் கேட்பாள். வெள்ளிக்கிழமையே போன் படித்துச் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துவிட்டேன். பள்ளியில் பரிசு வாங்கியவள்தானே. பீடத்துக்கு ஏறி, புத்தகத்தின்மேல் கை வைத்து, ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். குரல்கூட நன்றாக இருந்தது. இறங்கும்போது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள், "ஏன் நீ பக்கத்தத் திருப்பல?"

"என்ன?"

"அந்த வாசகம் ரெண்டு பக்கம். முன்ன ஒரு தடவ நான்தான் படிச்சேன். நீ முடிக்கிற வரைக்கும் பக்கத்தத் திருப்பல."

அதற்குமேல் பொய் வரவில்லை. சொன்னேன். நாற்காலியில் உட்காராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல. இது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பாதி பாதியாக வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்ப என்கிட்ட இருந்தும்" என்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் செய்யாதும்மா. சேந்தாதான்."

"அன்னிக்கே ஃபாதர் என்கிட்ட சொன்னாரு, சொந்தத்துல கட்டாத உர்சுலான்னு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா இறந்து ஏழு வருஷம். அவர்மேல் அம்மாவுக்கு ஒரு கோபமும் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

மாலையில் கூடத்து பல்பைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டியிருந்தாள். கண் கூசுகிறது. அப்படியே இருக்கட்டும்.

3 ஜூலை, திங்கள்

புஷ்பவல்லி ஆன்டி போன் செய்தார். காசு வந்துவிட்டதா என்று.

"இன்னும் இல்ல ஆன்டி."

"பரவால்லம்மா, மெதுவா வரட்டும். அவர் படத்துக்குப் பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கேன். பக்கிரிசாமின்னு அவரு கூட்டாளி ஒருத்தரு, எப்பப் பாத்தாலும் அம்பத்தெட்டு அம்பத்தெட்டுன்னு கேலி பண்ணுவாரு. வந்ததும் அவரத்தான் மொதல்ல கூப்பிட்டு சோறு போடணும்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆன்டி, என் கண்ண நம்பாதீங்க. நான்கே சொல். சொன்னால் அண்ணனுக்குத் தெரியும், வேலை போகும். வேலை போகும் என்பதுகூட இல்லை. வேறென்ன தெரியும் எனக்கு? புத்தகம் போச்சு. இதுதான் இருக்கு. இதுவும் இல்லன்னு என் வாயாலயே எப்படி சொல்லுவேன்?

ஒருவேளை அறுபத்திரண்டு வந்துவிடலாம். அப்படி வந்தால் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. இரண்டு மாதமாக இதற்காகத்தான் ஜெபமாலை சொல்கிறேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

8 ஆகஸ்ட், செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அண்ணன் கணினியில் திறந்து எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு, "அம்பத்தஞ்சு" என்றார்.

இறங்கிவிட்டது. மூன்று புள்ளி.

தரக்குழு காரணம் எழுதாது. எண் போடும், படம் போடும். அண்ணன் படத்தைப் பெரிதாக்கினார். நாற்காலியை என் பக்கம் தள்ளி, "இது என்ன?" என்றார்.

திரையில் ஒரு வெள்ளி வட்டம் தெரிந்தது. அதன் நடுவில் எனக்கு ஒன்றுமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன், கழுத்தைச் சாய்த்தேன். நான் கழுத்தைச் சாய்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைரேகை லா. கன்னத்துல. கட்டை விரல்."

கொழுப்பு பட்ட வெள்ளி அன்றைக்கு எதையும் காட்டாது. வாரங்கள் போகப் போகக் கறுத்து எழும்பும். ஏப்ரல் பதினெட்டு. நழுவியது, பிடித்தேன். விளிம்பைப் பிடித்ததாக நினைத்தேன். இருபத்தேழு சதுர மில்லிமீட்டர்கூட இருக்காது அந்தக் கன்னம், சரியாக அதன்மேல்.

"நீ பாக்கலியா அன்னிக்கு?"

"பாத்தேன் அண்ணே."

"அப்புறம்?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். விளக்கை அணைத்தார், மறுபடி போட்டார். மார்ச் மாதத்திலிருந்து நான் பார்த்து அனுப்பியவற்றின் பட்டியலை எடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாக வட்டமிட ஆரம்பித்தார். நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். படிகளை எண்ணிக்கொண்டு.

9 ஆகஸ்ட்

ஒரு கை படாத காசுன்னு அந்த மனுஷன் சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு. பட்டது என் கை. நான்தான். வேற யாரும் இல்ல.

ஐம்பத்தைந்து எதற்காக? தேய்மானத்துக்கா, ரேகைக்கா? முதலில் போட்ட ஐம்பத்தெட்டு சரியா? அவர் சொன்னதுதான் சரியா? ரேகையை எடுக்கப் போனால் அது சுத்தம் செய்த காசாகிவிடும், எண்ணே கிடைக்காது. விட்டுவைத்தால் அதன் அடியில் என்ன இருந்தது என்று எவருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது. தப்பான பதில் சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேள்வியையே அழித்துவிட்டேன்.

26 ஆகஸ்ட், சனி

காசு போன வாரமே வந்துவிட்டது. இன்று புஷ்பவல்லி ஆன்டி வந்தார். பச்சைச் சேலை, தலையில் பூ வைக்கவில்லை, ஆனால் விசேஷத்துக்குப் போகிறவர்போலத்தான் இருந்தார். அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார், "நான் பேசிக்கிறேன். மறுபடி அனுப்புனா சில நேரம் இப்படி ஆகும்னு சொல்லிருவோம். அது பொய் இல்லியே. நீ கீழ போய் டீ குடி." நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுகிறாரா, கடையையா என்று நான் யோசிக்கக்கூடாது.

கீழே போகவில்லை. ஸ்லாபை மேஜைமேல் வைத்துவிட்டு நானே சொன்னேன். எண்ணை முதலில். பிறகு விரலை. பிறகு கண்ணை.

ஆன்டி ஸ்லாபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "டாக்டர் எப்பச் சொன்னாரு?" என்றார்.

"மே மாசம்."

"நான் ஜூலைல போன் பண்ணேன்."

"ஆமா ஆன்டி."

"நல்லாப் பேசினீங்க."

முதல்முறையாக என்னை 'நீங்க' என்றார்.

"கண்ணு தெரியாதது உங்க தப்பு இல்ல. ஆண்டவன் செஞ்சது. ஆனா நாலு மாசமா நான் தெனம் விளக்கேத்துறப்ப அவர் படத்துகிட்ட, 'நீங்க ஜெயிச்சிட்டீங்க'ன்னு சொல்லிட்டு இருக்கேன். மே மாசமே சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்ல. இப்ப நான் அவர்கிட்ட என்னன்னு போய் சொல்றது?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்லாபைக் கைக்குட்டையில் சுற்றினார். எப்படி வந்ததோ அப்படியே. படியருகில் போனதும் பழக்கத்தில், "பாத்து இறங்குங்க ஆன்டி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பினார். முகம் எனக்கு ஓட்டைக்குள் இருந்தது. கோபமா, என்ன என்று தெரியவில்லை.

"நீங்க பாத்துக்குங்க" என்றார்.

31 ஆகஸ்ட்

சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. கடைச்சாவி, லென்ஸ், என் விளக்கு எல்லாவற்றையும் நேற்றே கொடுத்துவிட்டேன். விளக்கை வீட்டுக்குக் கொண்டுபோ என்றார் அண்ணன். வேண்டாம் என்றேன். பழைய குண்டு பல்பு, இப்போது எங்கும் கிடைக்காது. வெள்ளிக்கு அந்த மஞ்சள் ஒளிதான் சரி. கடைக்கு உதவும்.

"கண்ணாலதான் வேலைன்னு இல்ல, கஸ்டமர் போன் எடு, பேசு, அது போதும்" என்றார். சொல்லும்போதே குரல் தேய்ந்தது. நானும் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

வட்டமிட்ட பட்டியலில் பதினொன்று தவறு என்று இதுவரை வந்திருக்கிறது.

14 நவம்பர்

அட்டை வந்துவிட்டது. அம்மா அதைப் பணப்பையில் வைக்காமல் மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறாள்.

6 பிப்ரவரி 2024

தடிப்பேனா வாங்கினேன். ஒரு பக்கத்தில் இப்போது ஆறு வரி பிடிக்கிறது. எழுதியதைத் திரும்பப் படிக்க முடிவதில்லை. கை போன போக்கில் எழுதுகிறேன், வரிமேல் வரி ஏறுகிறதோ என்னவோ. இந்த நோட்டை யாரும் படிக்கக்கூடாது என்று இத்தனை வருஷம் ஒளித்து வைத்தேன். இனி என்னிடமிருந்தும் ஒளிந்துகொண்டது.

29 மார்ச்

பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையில் பதினான்கு இடத்திலும் அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பதினான்கிலும் உதறினேன்.

2 ஜூன்

அண்ணனின் போன். புஷ்பவல்லி ஆன்டி கடைக்கு வந்தாராம். விற்க இல்லை. ஸ்லாபை உடைத்துக் கொடு, காசு வெறுமனே வேண்டும் என்றாராம். அண்ணனே உடைத்துக் கொடுத்திருக்கிறார். வெறுங்கையால் வாங்கி, ரேகை மேலேயே கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போனாராம்.

"என்னப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்ல லா."

19 செப்டம்பர், வியாழன்

வெள்ளைத்தடிப் பயிற்சி தொடங்கி ஏழாவது வாரம். இன்று முதல்முறையாகத் தனியாக. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை. அம்மா வாசலில் நின்றாள், கூப்பிடவில்லை.

மஞ்சள் கோட்டின் மேல் ஏறினேன். மெல்லிய செருப்புக்குக் கீழே மேடு, பள்ளம், மேடு. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இருக்கிறேன், இதன்மேல் ஒருநாளும் நின்றதில்லை. பூக்கடை, மசாஜ் கடை, வாழைக்காய்ப் பஜ்ஜி எண்ணெய். யாரோ விலகுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் விலகுவேனே, அதே மாதிரி, பேசாமல், ஒரு பக்கமாக.

ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் தடி இன்னொரு தடியில் மோதியது. எதிரே ஓர் ஆள். நேரே பார்த்து நடந்தேன், அதனால்தான் அவரைப் பார்க்கவில்லை.

"சாரி" என்றேன். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவரும் நின்றார். வயதான குரல்.

"புதுசா?"

"ஆமா அங்கிள்."

"இடது பக்கம் வாம்மா. நாங்க எல்லாரும் இடது பக்கம்தான்."

இடது பக்கம் வந்தேன். அவர் தடியின் சத்தம் கடந்து போகும்வரை நின்றுவிட்டு நடந்தேன்.